ரெண்டு இஞ்ச் மாஸ்டர்

"மூச்ச விடு. விட்டாச்சா? இப்ப சுவத்தப் பாரு. என்ன ஏன் பாக்குற, என் மூஞ்சியிலயா அளவு எழுதியிருக்கு?"

முக்காலியின் மேல் நிற்கும் சிறுமி சிரித்துவிடுகிறாள். சிரித்ததும் விறைத்த தோள் இறங்குகிறது. அந்த ஒரு நொடி போதும் அவருக்கு. டேப் தோளிலிருந்து முட்டிக்கு ஓடி, காதில் செருகிய பென்சில் கைக்கு வந்து, அளவு நோட்டில் ஏறிவிடும். இருபது வருஷமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறவர், ஒரு குழந்தையையும் நிமிர்ந்து நில் என்று சொல்லி அளந்ததில்லை. "நிமிந்து நில்லுன்னு சொன்னீங்கன்னா அத்தனை பிள்ளைங்களும் அரை இஞ்ச் பொய் சொல்லும்" என்பார்.

கூட வந்த அம்மா, "மாஸ்டர், கொஞ்சம் பெரிசாவே..." என்று ஆரம்பிப்பதற்குள் பதில் வந்துவிடும். "விட்டாச்சும்மா, விட்டாச்சு. ரெண்டு இஞ்ச் உள்ள இருக்கு. அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்." பாவாடையோ கால்சட்டையோ சட்டைக் கையோ, எதுவானாலும் ஓரத்தில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்து, இழுத்தால் வந்துவிடுகிற மாதிரி லேசாகத் தைத்துக் கொடுப்பார். அதற்குத் தனியாகக் கேட்கவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். அதனால்தான் அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. ரெண்டு இஞ்ச் மாஸ்டர். குழந்தைகள் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "மூணு இஞ்ச்னு கூப்பிடாத வரைக்கும் சந்தோஷம். மூணு விட்டா தொங்கும்டா."

துணியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனுஷர் எதிலும் இரண்டு இஞ்ச் விடுகிறவர். எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே போய் நிற்பார். வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடும். பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு எறும்புக் கூட்டமே குடியிருக்கலாம். அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையிலிருந்து மாலை வரை ஊசி குத்துகிறவர், வீட்டுக்கு வந்தும் அந்தத் தொழிலை விடுவதில்லை. "இவர் சுடுகாட்டுக்குப் போறப்பகூட ஒரு நாள் முன்னாடியே போய்ப் படுத்துக்குவார்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவார்.

இனி, கடைச் சுவரைப் பார்க்க வேண்டும். துணி வெட்டும் மேசைக்கு மேலே, தையலுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பெரிய வரைபடம் தெர்மகோலில் ஒட்டியிருக்கிறது. கடல் தாண்டி இருக்கிற ஒரு தீம் பார்க்கின் வரைபடம். கோட்டை, ஏரி, ராட்டினங்கள், தலைகீழாக ஓடுகிற ரயில் எல்லாம் அதில் உண்டு. அதன் மேல் நாலு நிறத்தில் தையல் நூல்கள். வளைவுக்கு வளைவு குண்டூசி. சிவப்பு அவருக்கு, நீலம் மனைவிக்கு, மஞ்சள் பெரியவளுக்கு, பச்சை சின்னவனுக்கு. நாலு நூலும் வாசலிலிருந்து ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாகவே சுற்றி, ஒன்றாகவே வெளியே வரும். எந்த இடத்திலும் ஒன்று பிரிந்து போகாது. அதுதான் அவர் திட்டத்தின் உயிர்நாடி.

"வாசல் திறந்ததும் கூட்டம் மொத்தமும் வலது பக்கம் ஓடும். நாம இடது பக்கம் போவணும். பதினோரு மணிக்குள்ள நாலு ராட்டினம் முடிஞ்சுடும். வெயில் ஏறுறப்ப தண்ணிச் சறுக்கு. சாப்பாட்டுக்குப் பன்னெண்டுக்குப் போயிடணும், ஒரு மணிக்குப் போனா செத்தோம்." எந்தக் கழிப்பறைக்குப் பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது, எந்த மரத்தடி பெஞ்சில் குழந்தைகள் தூங்கலாம், ஊர்வலம் பார்க்க எந்த முனையில் நிற்க வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அளவு கொடுக்க வந்த குடும்பங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். ஒன்பது குடும்பங்கள் இதுவரை அவர் சொன்ன வழியைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்திருக்கின்றன. வந்தவர்கள் மறக்காமல் அவருக்கு ஒரு சாவிக்கொத்து வாங்கி வருவார்கள். ஒன்பதும் ஆணியில் தொங்குகின்றன. "மாஸ்டர், நீங்க சொன்ன மாதிரியே இடது பக்கம் போனோம், கூட்டமே இல்ல!" என்று அவர்கள் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும். "நீங்க எப்ப மாஸ்டர் போனீங்க?" என்று யாராவது கேட்டால்தான் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பிப்பார்.

போனதே இல்லை. போகப் பணம் இல்லையா என்றால், இருந்தது. வருஷா வருஷம் இருந்தது. போகாததற்குக் காரணம் வேறு, அதைக் கேட்டால் சிரிப்பீர்கள். அவர் மனைவி சிரிப்பதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகிறது.

ஆறு வருஷம் முன்னால் உள்ளூர்ப் பொருட்காட்சிக்குப் போயிருந்தார்கள். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்று. அங்கே ஒரு குட்டி ரயில். வாசலில் ஒரு ஆள் கோடு போட்ட கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு, வருகிற குழந்தைகளை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தான். பெரியவள் கோட்டைத் தாண்டிவிட்டாள். சின்னவனை அந்த ஆள் கம்பின் நுனியாலேயே ஓரமாகத் தள்ளினான். "இது ஏறாது. கூட்டிட்டுப் போங்க." இது என்றானே, அதுதான் மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. பையன் தரையில் விழுந்து புரண்டு அழுதான். ரயிலுக்குள் உட்கார்ந்துவிட்ட பெரியவள் அதைப் பார்த்ததும் விறுவிறுவென்று இறங்கி வந்துவிட்டாள். "தம்பி இல்லாம எனக்கும் வேணாம். அவன் வளரட்டும்பா, சேந்து போவோம்."

அந்த மாதம்தான் பெரியவளின் வகுப்புத் தோழி ஒருத்தி அந்தத் தீம் பார்க்குக்குப் போய் வந்து கதை கதையாக அளந்திருந்தாள். மகள் கேட்டாள், அப்பா தலையாட்டினார். வரைபடம் வாங்கினார். அதில் கடைசியாக அந்தத் தலைகீழ் ரயில் இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது. நாற்பத்தெட்டு அங்குலம் உயரம் வேண்டும். இரண்டு இரண்டு பேராகத்தான் உட்கார வேண்டும். மகளுக்கு அன்றைக்கே நாற்பத்தெட்டரை. மகனுக்கு முப்பத்தாறு.

"அவன் ஏறக்கூடியதுல அவன் ஏறட்டும், இவ ஏறக்கூடியதுல இவ ஏறட்டும். அதுக்குப் போயி..." என்றார் மனைவி.

"இன்னொரு வாசல்ல, இன்னொரு ஆளு, கம்ப வச்சு எம்புள்ளயத் தள்ளுறத நான் பாக்க மாட்டேன். போனா நாலு பேரும் எல்லாத்துலயும் ஏறணும். பாப்பாவே சொல்லிட்டா இல்ல?"

ஏழு வயசுப் பிள்ளை சொன்னதைக் கோர்ட்டில் கொடுத்த வாக்குமூலம் மாதிரி பிடித்துக்கொண்டார் மனுஷர். அன்று தொடங்கி மாதத்தின் முதல் ஞாயிறு காலை பையனை அளப்பது வழக்கமாகிவிட்டது. முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டரை. சின்னவன் அம்மா வழி, ஆள் வளர யோசிப்பான். பெரியவள் ஆரம்ப வருஷங்களில் அந்த ஞாயிறுகளுக்காகக் காத்திருப்பாள். தம்பிக்கு முட்டை ஊட்டுவாள், கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கச் சொல்லுவாள், தூங்கும்போது காலை நீட்டிவிடுவாள். பார்க்கின் பெயரைச் சொன்னாலே இரண்டும் கட்டிலில் குதிக்கும். எந்த ராட்டினத்தில் யார் கத்தக் கூடாது என்று பந்தயம் கட்டிக்கொள்ளும். மாஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பார். அந்த மாதிரி சந்தோஷமாக அவர் வேறெப்போதும் இருந்ததில்லை. போகும் நாள் வந்தால் இன்னும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னவன் நாற்பத்தெட்டைத் தொட்டான். வீடே கைதட்டியது. பெரியவளுக்கு அப்போது பன்னிரண்டு. ஓடி வந்து, "அப்பா, அப்ப இந்த லீவுக்கா?" என்றாள்.

மாஸ்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "அடுத்த லீவு பாப்பா. இது காலை உயரம். சாயந்தரம் ஆனா எல்லாரும் அரை இஞ்ச் குறைவாங்க, நான் எத்தன பிள்ளைங்கள அளந்திருக்கேன். அப்புறம் விமானத்துல உக்காந்து வந்த அலுப்பு. அங்க செருப்பக் கழட்டச் சொல்லுவான். அவன் கம்பு எப்படியோ யார் கண்டா? ரெண்டு இஞ்ச் கையில இருக்கட்டும்."

"ஓ" என்றாள் மகள். உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு அந்த "ஓ" அவர் காதில் விழவில்லை. மனைவி மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு இஞ்ச் வளர ஒரு பிள்ளைக்கு ஒரு முழு வருஷம் வேண்டும், இது அவரை விட யாருக்குத் தெரியும்? எத்தனை அம்மாக்களிடம் அவரே சொல்லியிருப்பார்!

இந்த வருஷம், போன மாதம், ஐம்பது வந்தது. மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பெரியவள் தன் கூடைப்பந்துச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக் குழுவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

"பாப்பா, அம்பது! லீவு மொத வாரமே டிக்கெட் போட்டுடலாம்."

"மொத வாரமா? எங்களுக்குப் பயிற்சி இருக்கேப்பா" என்றாள், இஸ்திரிப் பெட்டியை எடுக்காமலே. "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

"மூணு பேரா? நீ?"

"அதெல்லாம் சின்னப் பசங்களுக்குப்பா." கோபமாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்றால் சொல்வோமே, அப்படிச் சொன்னாள்.

"நீதானம்மா சொன்ன, தம்பி வளரட்டும், சேந்து போவோம்னு?"

"நானா? எப்போ?"

"பொருட்காட்சியில. கிளிப்பச்சைக் கவுன் போட்டிருந்த. ரயில்லருந்து இறங்கி வந்த."

மகள் உண்மையாகவே யோசித்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அவருக்காக இன்னும் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு ஞாபகமே இல்லப்பா" என்றாள். சின்னவன்தான் நடுவில் புகுந்து, "அக்கா வரலன்னா நான் யாரோட உக்காருவேன்? அப்பா ரயில்ல வாந்தி எடுப்பாரே, அம்மா அவரோடதான உக்காரணும்!" என்று கத்தினான். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மனைவி சாப்பாட்டு டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "போன வருஷமே போயிருக்கணும்" என்றார்.

"போன வருஷமா? அஞ்சு வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தினேன். காதுலயா போட்டுக்கிட்டீங்க?" மூடி ஒன்று சரியாக உட்காராமல் அவரைப் படுத்தியது. "அவனால ஏற முடியாததுல ஏறாம வந்திருப்பான். என்ன ஆயிருக்கும்? அழுதிருப்பான். ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கையில குடுத்திருந்தா நின்னுருக்கும். அவன் பத்து நிமிஷம் அழக் கூடாதுன்னு..." மேலே சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார். கட்டின புருஷன் நிற்கிற கோலத்தைப் பார்த்து ஊசியைக்கூட உள்ளே வைத்துக்கொள்ளத் தோன்றியது போல. "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

அவர் சாப்பிடாமலே போனார். அந்த வாரம் கடைக்கு வந்தவர்களுக்கு மாஸ்டருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. சட்டைக்கு அளவெடுத்துவிட்டுக் கால்சட்டை வெட்டினார். இடுப்பில் நாலு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சுவரைப் பார்த்துவிட்டு வழக்கம்போலக் கேட்டாள். "நாங்களும் போகணும் மாஸ்டர். இவன் இன்னும் ஒரு ரெண்டு வருஷம் வளந்தப்புறம்..."

"இப்பவே போ" என்றார் மாஸ்டர்.

"இவ்ளோ சின்னவனா இருக்கானே?"

"சின்னவனா இருக்கான்ல, அதான் சொல்றேன் போன்னு. தூக்கிக்கிட்டுப் போ. ராட்டினத்துல ஏறாட்டி என்ன, வாசல்ல நின்னு வாயப் பொளந்து பாப்பான்ல? அதப் பாத்துட்டு வா!" அவர் குரல் உயர்ந்துவிட்டது. அந்தப் பெண் மிரண்டு போனாள். பிறகு அவரே முக்காலியைத் துடைத்துப் போட்டு, "கோச்சுக்காதம்மா, உக்காரு" என்றார்.

நாலாம் நாள் பிற்பகல், பயிற்சி முடிந்து பந்தும் வியர்வையுமாக மகள் கடைக்கு வந்தாள். அவள் கடைக்குள் வந்தே மாதக்கணக்காகிறது. நின்றுகொண்டே சொன்னாள். "அப்பா, நான் வரேன்."

மெஷின் நின்றது. "பயிற்சி?"

"கோச் கிட்ட ஒரு வாரம் கேட்டேன். சரின்னுட்டாங்க."

"அம்மா சொல்லி அனுப்பினாளா?"

"இல்லப்பா, நானாத்தான். தம்பி தனியா உக்கார முடியாதில்ல. உங்களுக்கும் எவ்வளவு ஆச!" சுவரில் இருந்த மஞ்சள் நூலைப் பார்த்து அவள் சிரித்தாள். "எத்தன வருஷமா ஊசி குத்தி வச்சிருக்கீங்க, பாவம்."

பாவம். அந்தச் சொல் கேட்டபோது மாஸ்டருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. நாலு நூலும் சேர்ந்துவிட்டன, வேறென்ன வேண்டும்? ஆனால் மெஷினை மறுபடி மிதித்தபோது தையல் கோணலாக ஓடியது. ஆறு வருஷமாக அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போகக் காத்திருந்தார். இப்போது மகள் அவரைக் கூட்டிக்கொண்டு போகச் சம்மதித்திருக்கிறாள். ஆசைப்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, இப்போது அப்பா ஆசைப்படுகிறாரே என்று பிள்ளை விட்டுக்கொடுக்கிறது. அவள் நல்லவளாக வளர்ந்திருக்கிறாள், அதில் அவருக்குப் பெருமைதான். கட்டிலில் குதித்த அந்த ஏழு வயசுக்காரியை எங்கே போய்க் கூட்டிவருவது?

மறுநாள் அப்பாவும் மகளுமாகப் பயண ஏற்பாடு செய்கிற அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த அம்மாளுக்கு மாஸ்டரை நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் வந்து, விலை கேட்டு, தேநீர் குடித்துவிட்டு எழுந்து போகிறவர் ஆயிற்றே. "என்ன மாஸ்டர், இந்த வருஷமாவது மெய்யா, இல்ல தேநீர் மட்டும்தானா?" என்று சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்தார். "பெரியவங்க?"

"ரெண்டு."

"குழந்தைங்க?"

"ரெண்டு."

"வயசு சொல்லுங்க."

"ஒம்பது. பதிமூணு."

அந்த அம்மாள் பேனாவை நிறுத்தினார். "பன்னெண்டு தாண்டிட்டா பெரியவங்க கணக்கு மாஸ்டர். போன வருஷம் வந்திருந்தா குழந்தைல போட்டிருக்கலாம்." இரண்டை அடித்து மூன்று என்று எழுதினார். குழந்தைகள் கட்டத்தில் இருந்த இரண்டையும் அடித்து ஒன்று என்று எழுதினார். மாஸ்டர் அந்த அடித்தல் திருத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கொண்டு கேட்க வேண்டியதை எல்லாம் மகள்தான் கேட்டாள். தேதி மாற்றினால் என்ன ஆகும், உடம்புக்கு முடியாமல் போனால் என்ன ஏற்பாடு, தங்குமிடத்திலிருந்து பார்க்குக்கு எவ்வளவு தூரம். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்விகள். அந்த அம்மாள் எல்லாத் தாள்களையும் பாஸ்போர்ட்டுகளையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு மகளிடமே கொடுத்தார். "கெட்டிக்காரப் பொண்ணு மாஸ்டர், நீங்க கவலையில்லாமப் போயிட்டு வரலாம்."

வெளியே வந்தார்கள். சாலையில் வண்டிகள் இடைவெளி விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. நடைபாதை விளிம்பில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, மாஸ்டர் பக்கத்தில் இருந்த மகள் பக்கமாகக் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக்கொண்டு, கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மகள் அந்தக் கையைப் பார்த்தாள். "இந்தாங்கப்பா" என்று உறையை அதில் வைத்தாள். "பத்திரம், நாலு பாஸ்போர்ட்டும் உள்ள இருக்கு." வண்டிகள் கொஞ்சம் விலகியதும் பந்தை முன்னால் தட்டிக்கொண்டு ஓடுகிறவள் போல நாலே எட்டில் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்று, "வாங்கப்பா, இப்ப வரலாம், பயப்படாதீங்க" என்று கூப்பிட்டாள்.

மாஸ்டர் நீட்டிய கையை மடக்கவில்லை. உறை வைத்தது வைத்தபடியே இருக்க, அப்படியே சாலையைக் கடந்தார்.